தமிழ்ப்பள்ளி மண்டபங்களில் பண்டமாற்று நாள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். பாயா தெருபோங் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருபத்தைந்து ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரங்களில் எங்கள் புளோக்கின் குப்பைக்கூடத்தைக் கடந்து செல்லும் போதெல்லாம் என் மனம் பதறுகிறது. சென்ற ஆண்டு மூன்றாம் மாடி வீட்டார் இறக்கி வைத்த படிப்பு மேசை ஒன்று, இழுப்பறை இரண்டும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிலையில், இரண்டு நாள் மழையில் ஊறிப் பலகை உப்பி ஓரம் பிளந்து போயிற்று. அதே வாரத்தில் ஒன்பதாம் மாடியில் இருக்கும் ஒரு தாய், இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் 1-க்குச் செல்லவிருந்த மகளுக்காக 180 வெள்ளி விலையில் ஒரு மேசையைத் தவணைக்கு வாங்கினார். இரு வீட்டாரும் தினமும் ஒரே மின்தூக்கியில்தான் ஏறி இறங்குகிறார்கள்.

நாம் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகும் பொருள் எங்கே செல்கிறது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பினாங்குத் தீவின் குப்பை, பத்து மாவுங் என்ற இடத்தில் உள்ள குப்பை மாற்றியேற்றும் நிலையம் வழியாகப் பெருநிலத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, நிபோங் திபாலுக்கு அருகில் உள்ள பூலாவ் புரோங் குப்பைமேட்டில் கொட்டப்படுகிறது. 2022 ஜனவரியில் அந்த மேட்டில் பற்றிய தீ வாரக்கணக்கில் புகைந்ததும், அருகில் இருந்த சில குடும்பங்கள் நிவாரண மையத்துக்கு மாற்றப்பட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் புகையில் நம் வீட்டு மெத்தையும் நாற்காலியும் கலந்திருந்தன என்றே நான் எண்ணுகிறேன். குப்பையைப் பிரித்துப் போடுவது 2016 ஜூன் முதல் நம் மாநிலத்தில் கட்டாயமாக்கப்பட்டது. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் தாளுக்கும் நெகிழிக்கும் அலுமினியத்துக்கும் தொட்டி இருக்கிறது, உழைக்கும் நிலையில் உள்ள மேசைக்குத் தொட்டி இல்லை. உடைத்து உருக்கிப் புதிதாக ஒன்று செய்வதற்கு முன்னால், இருக்கும் பொருளை இருக்கும் வடிவிலேயே இன்னொரு வீட்டுக்கு அனுப்பும் மறுபயனீடு என்ற ஒரு படி இருப்பதை நாம் மறந்துவிட்டோம்.

வழி இல்லை என்று சொல்லிவிட முடியாது. 'சூராட் கபார் லாமா' (பழைய நாளிதழ்) என்று மலாய் மொழியில் ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் லாரிக்காரர் பழைய தாளையும் இரும்பையும் எடுத்துக்கொள்கிறார். ஜார்ஜ் டவுனில் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தை இருக்கிறது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் 2003 மே மாதம் டெரோன் பீல் என்பவர் தொடங்கிய ஃபிரீசைக்கிள் என்ற ஏற்பாடு, எதைக் கொடுத்தாலும் இலவசமாகவே கொடுக்க வேண்டும் என்ற விதியோடு பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. அப்படியிருந்தும் நம் சமூகத்தில் கொடுப்பதும் வாங்குவதும் தயங்கித் தயங்கியே நடக்கின்றன. கொடுக்கிறவர் "பழசைக் கொடுத்தால் தப்பாக நினைப்பார்களோ" என்கிறார். வாங்க வேண்டியவரோ "நம்மை இல்லாதவர் என்று நினைத்துவிட்டார்களோ" என்று குன்றிப் போகிறார். இந்தக் கூச்சத்தைக் களையாமல் எத்தனை சந்தை வைத்தாலும் பயனில்லை.

பழையது என்றாலே ஆகாது என்பது நம் மரபும் இல்லை. பிறந்த குழந்தைக்கு முதலில் புதுத்துணி உடுத்தாமல், துவைத்துத் துவைத்து மென்மையான பழைய வேட்டியைத்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள். தூளி கட்டியது பாட்டியின் சேலையில். அம்மனுக்குச் சாத்திய சேலையைக் கோயிலில் ஏலம் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உடுத்துகிறோம். இவற்றில் எதையும் நாம் குறைவாக நினைத்ததில்லை. இவை தவிர, பள்ளியிலேயே நல்லதோர் எடுத்துக்காட்டு உள்ளது. 1975-இல் தொடங்கிய பாடநூல் இரவல் திட்டம் 2008 முதல் வருமான வேறுபாடின்றி எல்லா மாணவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. புத்தகத்தைத் திறந்ததும் உள்ளட்டையில் ஒரு கட்டம் இருக்கும், அதில் முன்னே படித்தவர்களின் பெயர்கள் ஆண்டுவாரியாக ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். வகுப்பில் அந்தப் பெயர்களைப் பார்த்து, "டீச்சர், இது எங்கள் அக்காவின் புத்தகம்" என்று மகிழ்ந்து கூவிய பிள்ளைகளை நான் பல முறை கண்டிருக்கிறேன். அக்காவின் புத்தகம் பெருமை தருகிறது என்றால் அக்காவின் சீருடையும் தரலாம் அல்லவா?

இந்த எண்ணத்தோடுதான் சென்ற பள்ளி ஆண்டின் இறுதியில் எங்கள் புளோக்கின் கீழ்த்தள மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்டமாற்று நாள் நடத்தினோம். புலன (வாட்ஸ்அப்) குழுவில் செய்தி போட்டோம், மூன்று மொழிகளில் அறிவிப்பு ஒட்டினோம். தமிழர், சீனர், மலாய்க்காரர் என்று எல்லாரும் வந்தார்கள். ஒரு பொருள் கொண்டுவந்தால் ஒரு வில்லை (டோக்கன்), ஒரு வில்லைக்கு ஒரு பொருள் என்பதுதான் ஏற்பாடு. விலை மதிப்புப் பார்க்கவில்லை. நிறைய கொண்டுவந்து கொஞ்சமே எடுத்துக்கொண்டவர்கள் எஞ்சிய வில்லைகளை வாசலில் இருந்த பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டுப் போனார்கள், கொண்டுவர ஏதும் இல்லாதவர்கள் யாரையும் கேட்காமல் அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். யார் போட்டார், யார் எடுத்தார் என்று அங்கே எவரும் பார்க்கவில்லை. தானம் என்றால் ஒரு கை மேலேயும் ஒரு கை கீழேயும் இருக்கும். மாற்று என்றால் இரண்டு கைகளும் சமமாக நீளும். கூச்சம் இருந்த இடம் தெரியாமல் போனதற்கு இதுவே காரணம் என்று நான் நம்புகிறேன்.

அன்று முதலில் தீர்ந்தவை சீருடைகள். ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும்போது பெண் பிள்ளைகளின் கருநீலப் பினாஃபோர் இளநீலமாகவும், ஆண் பிள்ளைகளின் கருநீலக் காற்சட்டை பச்சையாகவும் மாறிவிடுவதால், முதல் நாள் வரை உடுத்தியது மறுநாள் எதற்கும் ஆகாமல் அலமாரியில் கிடக்கிறது. மேசைமேல் இருந்த ஒரு பினாஃபோரை எடுத்துப் பார்த்தேன். தாய் ஆண்டுக்கு ஆண்டு மடிப்பை அவிழ்த்து இறக்கித் தைத்திருந்ததால், பாவாடையின் கீழ்ப்பகுதியில் இரண்டு கோடுகள், வெளுக்காத கருநீலத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிந்தன. அதை எடுத்துக்கொண்ட மற்றொரு தாய் அந்தக் கோடுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "என் பிள்ளைக்கு நான் மறுபடியும் மடித்துத் தைக்க வேண்டும்" என்றார்.

எதைக் கொண்டுவரலாம் என்பதில் மட்டும் நாங்கள் கண்டிப்பாக இருந்தோம். தூக்கி எறிய வேண்டியதை ஏழைக்குக் கொடுத்துப் புண்ணியம் தேடிக்கொள்ளும் பழக்கம் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. துணி துவைத்து இஸ்திரி போட்டு வர வேண்டும், பொத்தானும் ஜிப்பும் சரியாக இருக்க வேண்டும். ரைஸ் குக்கர், மின்விசிறி போன்றவற்றை அங்கேயே சொருகி ஓட்டிக் காட்ட வேண்டும். மெத்தையை மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி ஏற்கவில்லை. விழுந்த தலைக்கவசத்தின் உட்புற நுரை நசுங்கியிருப்பது வெளியே தெரியாது என்பதால் தலைக்கவசங்களையும் மறுத்தோம். காரில் குழந்தைகளுக்கான இருக்கை 2020 ஜனவரி முதல் கட்டாயம் என்பதால் அதைக் கேட்டுப் பலர் வந்தார்கள், ஆனால் விபத்தில் சிக்காதது என்று கொடுப்பவரே உறுதி சொன்ன இரண்டை மட்டும் மேசையில் வைத்தோம். கேஸ் ரெகுலேட்டரும் மருந்தும் வேண்டவே வேண்டாம். மாலையில் மிஞ்சியவற்றை, முன்பே செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, கொண்டுவந்தவர்களே திரும்ப எடுத்துச் சென்றார்கள். மண்டபத்தில் குப்பை சேரவில்லை.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி ஆண்டு முடியும் கடைசி இரண்டு வாரங்களுக்குள் ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். ஆறாம் ஆண்டுப் பெற்றோர் சீருடைகளைக் கட்டி மேலே போட்டுவிடுவதற்கு முன்பே அது நடக்க வேண்டும். மண்டபம் இல்லாத சிறிய பள்ளிகளுக்கு அருகில் உள்ள கோயில் நிர்வாகத்தினர் தங்கள் மண்டபத்தை அரை நாள் கொடுத்து உதவலாம். திருமணம் இல்லாத நாள்களில் அவை பூட்டித்தான் கிடக்கின்றன. அப்பா அம்மா அழைத்து வராவிட்டாலும் பிள்ளைகள் தாங்களாகவே வந்து மாற்றிக்கொள்ளும்படி புத்தகம், வண்ணப்பெட்டி, விளையாட்டுப் பொருள்களுக்கென்று தாழ்வான மேசை ஒன்றைத் தனியே போட வேண்டும் என்பது என் தனிப்பட்ட விருப்பம்.

எங்களிடம் முந்நூறு வில்லைகளும், மூன்று மொழி அறிவிப்புத் தாள்களும், அந்தப் பிஸ்கட் டின்னும் இருக்கின்றன. முதலில் முன்வரும் பள்ளிக்கு அவற்றை இரவலாகத் தருகிறோம், முடிந்ததும் அடுத்த பள்ளிக்கு அனுப்பிவிட்டால் போதும். என் தொலைபேசி எண்ணைத் தங்கள் அலுவலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
பாயா தெருபோங், பினாங்கு.