மின் கட்டணத்தோடு கார்பன் கணக்கும் தெரிய வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கார்பன் தடத்தை, அதாவது நம் அன்றாடச் செயல்களால் வெளியாகும் கரியமில வாயுவின் அளவை, குறைப்பது பற்றிக் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டங்களில் பேச்சு வந்தால், அது மஞ்சப்பையில் தொடங்கி மஞ்சப்பையிலேயே முடிந்துவிடுகிறது. மஞ்சப்பை அவசியம்தான், ஆனால் அது பெரும்பாலும் குப்பையையும் அடைத்துக்கொள்ளும் மழைநீர் வடிகாலையும் சார்ந்த விஷயம். கரியமில வாயு என்று வரும்போது நாம் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது வீட்டு மின் கணக்கீட்டு அட்டையை.

நம் நாட்டு மின் தொகுப்பில் நிலக்கரியின் பங்கே அதிகம் என்பதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ, 14.2 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் ஏறத்தாழ 42 கிலோ. கோடையில் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் செலவழித்து, ஸ்கூட்டருக்கு 40 லிட்டர் பெட்ரோல் போட்டு, இரண்டு சிலிண்டர் வாங்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெட்ரோலும் எரிவாயுவும் சேர்ந்தே 180 கிலோவைத் தொடாதபோது, மின்சாரம் மட்டும் 490 கிலோ ஆகிறது. அதிலும் மணிக்கு ஒரு யூனிட் இழுக்கும் ஏ.சி. இரவில் எட்டு மணி நேரம் ஓடினால், 480 யூனிட் அதற்கே போய்விடும்.

சென்னைப் புழுக்கத்தில் ஏ.சி.யே கூடாது என்று சொல்வது நியாயமல்ல. 18 டிகிரியில் வைத்துவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உறங்கும் வழக்கத்தைத்தான் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று எரிசக்தி திறன் செயலகம் சொல்கிறது. 2020 முதல் புதிய ஏ.சி.கள் 24 டிகிரியில் இயங்கத் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. ரிமோட் நம் கையில் இருக்கும்வரை விதி மட்டும் என்ன செய்யும்? 24-இல் வைத்து, 75 வாட் பழைய மின்விசிறிக்குப் பதிலாக 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. எனும் மின்சிக்கன மோட்டார் கொண்ட விசிறியைக் கூடவே சுழல விட்டால் உறக்கம் கெடாது.

இந்த அறிவுரை எல்லோருக்கும் உரியதன்று. இலவச 100 யூனிட்டுக்குள் இரண்டு மாதத்தை ஓட்டும் குடும்பங்களிடம் குறைக்கச் சொல்ல எதுவும் இல்லை. அனல்மின் நிலையங்களின் புகையையும் சாம்பலையும் எண்ணூர், அத்திப்பட்டுப் பகுதி மக்கள் சுமக்க, அந்த மின்சாரத்தை அதிகம் செலவிடுவோர் நகரின் வேறு பகுதிகளில் இருக்கிறோம்.

ஆகவே மின்வாரியத்துக்கு ஒரு வேண்டுகோள். கணக்கெடுத்தபின் கைபேசிக்கு அனுப்பும் குறுஞ்செய்தியில் யூனிட், தொகை ஆகியவற்றோடு அந்த வீட்டின் கரியமில வாயு அளவையும், முந்தைய ஆண்டு இதே இரு மாதங்களின் அளவையும் சேர்த்து அனுப்பலாம். இதற்கான யூனிட் சராசரியை மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடுவதால் புதிதாக ஆய்வு எதுவும் தேவைப்படாது. முதற்கட்டமாக 500 யூனிட்டுக்கு மேல் செலவழிக்கும் இணைப்புகளுக்கு அனுப்பினாலே போதும்.

இப்படிக்கு,
வேளச்சேரி வாசகர்,
சென்னை.