அந்த மஞ்சள் கொடிகள்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். குளிர்காலப் பதிவு தொடங்கும்போது வழக்கமாக உங்களுக்கு நாலு வரிதான் எழுதுவோம். மண்ணுக்குள் விளையும் வாசனைக் காளானான டிரஃபிளை நாயோடு தேடித் தோண்டும் வேட்டை எந்தெந்த நாட்களில், கன்பரா பக்கம் குளிர் எப்படி, கெட்டியான காலுறை இரண்டு சோடி எடுத்து வாருங்கள் என்பதோடு மடல் முடிந்துவிடும். இந்த முறை நீண்டுவிட்டது. காரணம் உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கும் இதற்குள் யாராவது அனுப்பிவைத்திருப்பார்கள்.

சென்ற பருவத்தின் கடைசியில் எங்கள் தோட்டத்தில் எடுத்த சிறு காணொளி ஒன்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஓக் மரத்தடியில் குத்திய ஒரு மஞ்சள் கொடி, பக்கத்திலேயே இன்னொன்று, அடுத்த மரத்தடியில் மூன்று. பின்னணியில் ஒரு குரல்: "பார்த்தீர்களா, எல்லாவற்றையும் முன்கூட்டியே புதைத்து, அடையாளமும் வைத்திருக்கிறார்கள். நாய் வெறும் நாடகம்." எடுத்தவர் யார் என்று எங்களுக்குத் தெரியும். அன்று மதியம் பூசணி சூப்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தவர். பெயர் சொல்லப்போவதில்லை.

கட்டணம் அதிகம் என்று திட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்போம். குளிரில் நிற்கவைத்தார்கள் என்றாலும் சரி. "புதைத்தார்கள்" என்பதைத்தான் விழுங்க முடியவில்லை. அதைவிடக் கஷ்டம், நெடுநாள் பழகியவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, மிக மென்மையாக, "அது உண்மையா?" என்று கேட்டது. ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

டிரஃபிள் என்பது வேரோடு ஒட்டி வாழும் ஒரு பூஞ்சையின் காய். ஓக், ஹேசல் கன்றுகளின் வேரில் அந்தப் பூஞ்சையை ஏற்றித்தான் நாற்றுப்பண்ணையில் விற்கிறார்கள். மரம் அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. அது மரத்துக்கு நீரும் தாதுக்களும் தேடிக் கொடுக்கிறது. எங்கள் மண்ணில் இயல்பாகவே அமிலத்தன்மை அதிகம். லாரி லாரியாகச் சுண்ணாம்பு கொட்டி, மண்ணின் கார அமில அளவை (pH) 8-க்குப் பக்கத்தில் கொண்டுவந்த பிறகுதான் கன்று நட்டோம். நட்ட பிறகும் காய் வரும்வரை வருடக்கணக்கில் வெறும் மரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்க வேண்டும். ஐரோப்பாவின் இந்தக் கறுப்பு டிரஃபிள் ஆஸ்திரேலிய மண்ணில் முதன்முதலில் கிடைத்ததே 1999-இல், தாஸ்மானியாவில்தான். இங்கே யாரும் தாத்தா காலத்திலிருந்து இந்தத் தொழிலைச் செய்யவில்லை.

கோடையில் மண்ணுக்குள் குருணையளவில் உருவாகும் காய் இலையுதிர் காலம் முழுவதும் பருக்கிறது. உறைபனி விழத் தொடங்கிய பிறகு, ஜூன் முதல் ஆகஸ்டு வரையில், ஒவ்வொன்றாகப் பழுக்கிறது. 'ஒவ்வொன்றாக' என்பதைக் கவனியுங்கள். ஒரே மரத்தடியில் சாண் இடைவெளியில் கிடக்கும் இரண்டு காய்களில் ஒன்று இன்று பழுத்திருக்கும். மற்றதற்கு இன்னும் மூன்று வாரம் ஆகலாம். அவசரப்பட்டுத் தோண்டினால் அது காயாகவே நின்றுவிடும். வாழைக்காயைப் போலப் பழுக்கவைக்கும் வேலை இதில் நடக்காது. உள்ளே வெளிறிப்போய், மணமே இல்லாமல் கிடக்கும். அதை யாருக்கு விற்பது?

இப்போது கொடிக்கு வருகிறேன். வார நாட்களில் நாயோடு வரிசை வரிசையாக நடக்கிறோம். வாசம் பிடித்த இடத்தில் நாய் நின்று, முன்காலால் ஒரு தட்டுத் தட்டும். அந்த இடத்தில் மண்டியிட்டு மேல்மண்ணை விரலால் விலக்குவோம். பல காய்கள் நாலைந்து விரல்கடை ஆழத்துக்குள்ளேயே இருக்கும். சிலவற்றின் தலை மண்ணுக்கு மேலேயே தெரியும். காயைத் தொடாமல், அதை ஒட்டிய மண்ணில் ஒரு பிடி எடுத்து மூக்கருகே வைத்து முகர்வோம். பழுத்திருந்தால் அந்த மண்ணே மணக்கும்: ஈரக் காடு, கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் கோக்கோ. பழுக்காவிட்டால் பச்சை மண்வாசம்தான் வரும். நாயின் மூக்கு நம்முடையதைவிடப் பல மடங்கு கூர்மையானது என்பதால், வாசம் தொடங்கும்போதே அது தட்டிவிடுகிறது. பழுத்துவிட்டதா என்று முடிவு செய்வது எங்கள் மூக்கு. 'இன்னும் இல்லை' என்றால் மண்ணை மூடிவிட்டு, பக்கத்தில் ஒரு மஞ்சள் கொடி குத்திவைப்போம். கொடியில் தேதியும் எழுதியிருக்கும். காணொளியை நிறுத்திப் பெரிதாக்கிப் பாருங்கள், தெரியும். கொடி இல்லாவிட்டால் யாராவது அதை மிதித்துவிடுவார்கள். போன வாரம் எங்கே பார்த்தோம் என்று நாங்களும் தேடி அலைய வேண்டும்.

நீங்கள் வரும் நாளில் நாய் அதே வரிசைகளில் மறுபடி நடக்கிறது. சில சமயம் கொடியருகே தட்டும், சில சமயம் கொடியே இல்லாத இடத்தில் தட்டும். இரண்டையும் உங்கள் கண்முன்னேதான் தோண்டுகிறோம். இதில் நாடகம் எங்கே வந்தது?

இன்னும் ஐயம் இருந்தால், நீங்களே சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். மண்ணிலேயே வளர்ந்த டிரஃபிள் தன்னைச் சுற்றியுள்ள கற்களின் வடிவத்தை வாங்கிக்கொண்டு வளர்கிறது; கல் அழுத்திய இடத்தில் பள்ளம் இருக்கும். அதை மெல்ல எடுத்தபின் குழியைப் பாருங்கள். காயின் அச்சு, தோலின் மருக்கள் பதிந்த தடத்தோடு, மண்ணில் அப்படியே நிற்கும். புதைத்துவைத்த பொருளுக்கு இந்த அச்சு இருக்காது. சுற்றிலும் பொலபொலவென்று கிளறிய மண்தான் இருக்கும். இந்தப் பருவத்தில் ஒவ்வொரு குழுவிலும் ஒருவருக்குக் கரண்டியைக் கொடுத்து, குழிக்குள் எட்டிப் பார்க்கச் சொல்லப்போகிறோம். கிலோ இரண்டாயிரம் டாலருக்கு மேல் போகும் பொருளைச் சேற்றில் புதைத்து, முயலும் நத்தையும் தின்னாமல் காவல் காத்து, மறுபடி தோண்டி எடுக்கும் அளவுக்கு நாங்கள் வசதியானவர்கள் அல்ல.

மரத்தடியில் புல்லே இல்லையே, அதுவும் தோண்டிப் புதைத்ததால்தானே என்று அதே காணொளியின் கீழே இன்னொருவர் கேட்டிருக்கிறார். இல்லை. பூஞ்சை நன்றாகப் பரவிய இடத்தில் புல்லும் களையும் தாமாகவே பட்டுப்போகும். அந்த மொட்டை வட்டத்தைக் கண்டால் தோட்டக்காரர் மகிழ்ச்சி அடைவார்.

அடுத்து நாய். பல வருடங்களாக நீங்கள் பார்த்துப் பழகிய பழுப்பு நிற லாப்ரடார் இப்போது எங்களிடம் இல்லை. அது எங்கள் பயிற்சியாளரின் சொந்த நாய். அவருக்கு மேற்கு ஆஸ்திரேலியாவில், மஞ்சிமப் என்ற ஊருக்குப் பக்கத்துப் பெரிய தோட்டம் ஒன்றில் வேலை கிடைத்தது. நாட்டின் டிரஃபிள் விளைச்சலில் பெரும்பகுதி அங்கேதான். அந்தச் சம்பளத்தை எங்களால் கொடுக்க முடியாது. மனவருத்தம் எதுவும் இல்லாமல்தான் போனார். நாயும் போனது. வழியனுப்பும் விருந்தில் அவருக்காக அழுதவர்களைவிட நாய்க்காக அழுதவர்கள் அதிகம்.

இப்போது இருப்பவள் மணி. இளம் ஸ்பானியல் கலப்பு. டிரஃபிள் துண்டு வைத்த சிறு டப்பாவைத் தேடும் விளையாட்டில் தொடங்கி, பிறகு அதை மண்ணுக்கடியில் மறைத்து, படிப்படியாகப் பழக்கினோம். (ஆம், பயிற்சியின்போது புதைக்கிறோம். அதையும் யாராவது காணொளி எடுப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.) மூக்கு அருமையானது. ஆனால் வயது அப்படி. கங்காருச் சாணத்தைக் கண்டால் தொழில் மறந்துவிடும். இரண்டு நிமிடம் பொறுத்தால் திரும்பி வந்துவிடுவாள். தட்டியதும் உடனே அவளுக்கு ஒரு துண்டு இறைச்சி கிடைக்கும். அதற்காகத்தான் அவள் உழைக்கிறாள். ஐரோப்பாவில் முன்பு டிரஃபிள் தேடப் பயன்படுத்திய பன்றியை ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்று குழந்தைகள் கேட்பார்கள். பன்றிக்கு டிரஃபிளே பிடிக்கும். அதன் வாயிலிருந்து பிடுங்க உங்களுக்குத் தைரியம் வேண்டும். இத்தாலியில் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு டிரஃபிள் தேட நாய்தான், பன்றி கிடையாது. பன்றி மண்ணைக் கிளறி வேரையும் பூஞ்சையையும் நாசம் செய்துவிடும்.

மணியின் பொருட்டு ஒரு வேண்டுகோள். வாசனைத் தைலம், அத்தர் அன்று வேண்டாம். குழந்தைகளின் சட்டைப்பையில் முறுக்கும் வேண்டாம். ஒத்திகை நடை ஒன்றில் மணி ஒரு சிறுவனின் பையைத் திரும்பத் திரும்பத் தட்டினாள். அவன் அம்மா, அங்கே டிரஃபிள் இருக்கிறது என்றே நம்பிவிட்டார்.

பயிற்சியாளர் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமை வேட்டை இந்தப் பருவத்தில் கிடையாது. பொதுப் பொறுப்புக் காப்பீடும் பாசன மோட்டாரின் மின்கட்டணமும் ஏறியிருப்பதால் பெரியவர்களுக்கு 185 டாலராக இருந்தது 220 ஆகிறது, மதிய உணவில் ஐந்து வகை நான்காகிறது.

மதிய உணவைப் பற்றி வேறொன்று சொல்ல வேண்டும். "டிரஃபிளைத் தூசி மாதிரித் தூவினார்கள்" என்று ஒரு குறை வந்தது. ஒரு தட்டுக்கு நாலைந்து கிராம் சீவுகிறோம். இது காய்கறி அல்ல. அள்ளிப் போட்டால் சுவை கூடாது, செலவுதான் கூடும். அதன் மணம் கொழுப்பில் ஏறும், சூட்டில் பறந்துபோகும். அதனால்தான் வெண்ணெயிலோ நெய்யிலோ இளஞ்சூட்டில் சேர்க்கிறோம், அடுப்பில் கொதிக்க விடுவதில்லை. பிரியாணியில் போடலாமா என்று ஆண்டுதோறும் யாராவது கேட்கிறார்கள். போடலாம். ஏலக்காயும் பட்டையும் அதை ஒரு நொடியில் அமுக்கிவிடும். பிறகு எங்களைக் குறை சொல்லக்கூடாது.

முட்டையைக் கவனியுங்கள். வேட்டைக்கு இரண்டு நாள் முன்பே உடைக்காத முட்டைகளை டிரஃபிளோடு ஒரே கண்ணாடி ஜாடியில் மூடி வைத்துவிடுவோம். ஓட்டின் நுண்துளைகள் வழியாக மணம் உள்ளே இறங்கிவிடும். உங்கள் தட்டில் வரும் முட்டைப் பொரியலில் மேலே தூவுவதற்கு முன்பே டிரஃபிள் இருக்கிறது. தூவியதை மட்டும் எண்ணியவருக்கு அது தெரியாமல் போயிருக்கலாம். முட்டை சாப்பிடாதவர்களுக்கு நெய்ச்சோறும் உருளைக்கிழங்கு மசியலும் தனிப் பாத்திரத்தில் செய்கிறோம். காளானே தொடாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு டிரஃபிள் இல்லாமலேயே பரிமாறுவோம்.

"உணவகத்தில் சாப்பிட்ட டிரஃபிள் சிப்ஸ் இதைவிட நன்றாக மணத்தது" என்பவர்களோடு வாதம் செய்து எனக்கு அலுத்துவிட்டது. கடையில் விற்கும் டிரஃபிள் எண்ணெய்களில் பெரும்பாலானவற்றின் மணம் ஆய்வகத்தில் செய்த வேதிப்பொருளிலிருந்து வருகிறது. மிளகளவு டிரஃபிள் மிதந்தாலும் அது அழகுக்குத்தான். அந்த ஒற்றை, தடித்த வாடைக்குப் பழகிய மூக்குக்கு உண்மையான டிரஃபிள் முதலில் மெலிதாகத்தான் தெரியும். இரண்டாவது கவளத்தில் புரியும்.

தோண்டி எடுத்தவை எடைபோட்டு விற்பனைக்குப் போகும். வேண்டுவோர் அங்கேயே கிராம் 2.50 டாலருக்கு வாங்கிக்கொள்ளலாம். வீட்டுக்குக் கொண்டுபோனால் உறிஞ்சுதாளில் சுற்றி, மூடிய ஜாடியில், குளிர்பெட்டியில் வைத்து, தாளை நாள்தோறும் மாற்றுங்கள். ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். விருந்தாளி வரட்டும் என்று காத்திருந்து பறிகொடுத்தவர்கள் உங்களிலேயே இருக்கிறார்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். 2019-20 கோடையில் வறட்சியும் காட்டுத்தீயும் சூழ்ந்து, புகையில் மரமே தெரியாமல் இருந்தபோது, "தோட்டம் இருக்கிறதா, நீங்கள் நலமா?" என்று கேட்டுத் தொலைபேசியில் வந்தீர்கள். 2021 ஜூன் கடைசியில் சிட்னியில் ஊரடங்கு வந்து அந்தப் பருவமே கைவிட்டுப்போனபோது, கட்டிய முன்பணத்தைத் திருப்பிக் கேட்காமல் "அடுத்த வருடம் வருகிறோம்" என்றீர்கள். சிட்னியிலிருந்து மூன்று மணி நேரம் காரோட்டி, இருட்டில் கிளம்பி, தூங்கும் குழந்தைகளோடு வந்து நிற்கிறீர்கள். அலுவலக நண்பர்களைக் கூட்டிவந்து எங்களுக்காக நீங்களே விளக்கவுரை ஆற்றுகிறீர்கள். இப்போது அந்தக் குழுக்களில் முகம் தெரியாதவர்களோடு எங்களுக்காக வாதாடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றும் அறிந்தோம். உங்கள் தட்டில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சீவச் சொல்லியிருக்கிறேன். இதை வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

வேட்டை ஜூன் மூன்றாம் சனிக்கிழமை தொடங்குகிறது. காலை ஒன்பதரைக்கு வாயிலில் இருங்கள். உங்கள் காலணியைக் கிருமிநாசினித் தொட்டியில் நனைத்த பிறகுதான் உள்ளே விட முடியும். வேறு மண்ணோடு வரும் பூஞ்சை எங்கள் வேர்களைக் கெடுத்துவிடும் என்பதால் இதில் மட்டும் சலுகை கிடையாது. ரப்பர் பூட்ஸ் எங்களிடம் எல்லா அளவிலும் உண்டு. மழை பெய்தாலும் நடப்போம். மணிக்கு மழை பிடிக்கும். காணொளி எடுக்கத் தடை இல்லை. கொடியில் உள்ள தேதியும் தெரியும்படி எடுங்கள்.

அன்புடன்,
தோட்டத்திலிருந்து
உங்கள் டிரஃபிள்காரர்