உடுக்கை இன்னும் பரணில் இருக்கிறதா?

டர்பன், தென்னாப்பிரிக்கா,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். இருமல் போய்விட்டது. ஜன்னலைச் சாத்தாமல் குளிக்கப் போனேன், குரங்கு வந்து நீ அனுப்பிய பருப்புப்பொடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. எதிர் மரத்தில் உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தது. நன்றாக வேண்டும் அதற்கு.

இந்தக் கடிதம் தாத்தாவைப் பற்றியது. அப்பாவிடம் வாசித்துக் காட்டுவதா வேண்டாமா என்று நீயே பார்த்துக்கொள்.

இந்தப் பருவத்தில் இங்குள்ள மரபு வைத்தியம் பற்றி ஒரு பாடம் எடுத்திருக்கிறேன். வாராவாரம் பார்த்ததையும் தோன்றியதையும் எழுதித் தர வேண்டும். முதல் வாரம் வார்விக் மூலிகைச் சந்தைக்குக் கூட்டிப்போனார்கள். பாதியில் நின்றுபோன ஒரு மேம்பாலத்தின் மேல் நடக்கிறது அந்தச் சந்தை. மரப்பட்டையும் வேரும் குவித்துக் கிடக்க, நம் ஊர் நாட்டுமருந்துக் கடை வாசனை. இங்கே மருந்து கொடுப்பவர் இன்யாங்கா, முன்னோர் இறங்கிக் குறி சொல்பவர் சங்கோமா. நாட்டு வைத்தியரும், நம் தாத்தா மாதிரிக் கோடங்கியும் என்று வைத்துக்கொள்ளேன்.

நினைத்தவரெல்லாம் சங்கோமா ஆகிவிட முடியாது. முன்னோர் கூப்பிட வேண்டும். அந்த அழைப்பு பெரும்பாலும் நோயாகத்தான் வருமாம்: விடாத தலைவலி, கெட்ட கனவு, டாக்டருக்குப் பிடிபடாத உடம்பு. அப்புறம் ஒரு குருவிடம் போய்த் தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டும். ஓட்டலில் சமையல் வேலை பார்த்த ஒரு பெண் இந்தப் பயிற்சிக்கு லீவு கேட்டார். கிடைக்காவிட்டாலும் போனார், வேலை போயிற்று. வழக்கு மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் வரை வந்து, 2013-இல் அந்தப் பெண் பக்கமே தீர்ப்பானது. 2007-இலேயே மரபு வைத்தியர்களுக்கென்று தனிச் சட்டமும் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்தபோது, பள்ளிக்கூடத்தில் தாத்தா என்ன வேலை என்று கேட்டால் ‘விவசாயம்’ என்று சொல்லச் சொன்ன அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

எங்கள் விடுதியிலேயே ஒரு சங்கோமா இருக்கிறாள். கணக்குப்பதிவியல் மூன்றாம் வருஷம். மணிக்கட்டில் வெள்ளைப் பாசிமணி கட்டியிருப்பாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள், ஆனாலும் எல்லோரும் ‘கோகோ’, அதாவது பாட்டி, என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்கு முதலில் வாய் வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் பல்கலைக்கழகமே நாறிப்போயிற்று. விடுதிக் கட்டில்களைக் காசுக்கு விற்றிருக்கிறார்கள். முறையாக இடம் கிடைத்த முதல் வருஷப் பிள்ளைகள் சமையலறைத் தரையில் படுத்திருக்க, காசு கொடுத்தவர்கள் அறையில். மாணவர் தலைவர்கள் சிலரும் அலுவலகத்தில் சிலரும் கூட்டு என்று பேச்சு. கூட்டம் போட்டார்கள், கதவை உடைத்தார்கள், மூன்று நாள் வகுப்பு இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்தால் சந்தேகம். என்னிடமே ஒருத்தி, “வெளிநாட்டுக்காரிக்கு எப்படி ஜன்னலோரம் கிடைத்தது?” என்று கேட்டாள்.

அன்று ராத்திரி ஏழெட்டுப் பேர் கோகோவின் அறைக்குப் போனோம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு சட்டியில் இம்பெபோ என்கிற காய்ந்த செடியைக் கொளுத்தினாள். சாம்பிராணி போலவும் இல்லை, வைக்கோல் புகை போலவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். பாயில் எலும்பும் சோழியும் இருந்தன. எங்கள் வகுப்பில் சொல்லியிருந்தார்கள், குறி சொல்பவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, வந்தவர்கள் கைதட்டி “சியாவுமா”, ஒத்துக்கொள்கிறோம், என்பார்களாம். கைதட்டக் காத்திருந்தேன்.

அவள் எலும்பைத் தொடவே இல்லை. “பெயர் கேட்டு வந்திருக்கிறீர்கள். நான் பெயர் சொல்ல மாட்டேன்” என்றாள். 1957-ஆம் வருஷச் சட்டம் ஒன்று இருக்கிறது: ஒருவரைச் சூனியக்காரர் என்று கைகாட்டுவது குற்றம், திருட்டுப்போனதை மந்திரத்தால் கண்டுபிடிப்பதாகச் சொல்லிக் காசு வாங்குவதும் குற்றம். வெள்ளைக்கார ஆட்சி போட்ட சட்டம், பலருக்கு அதன்மேல் கோபம். அதற்குப் பயந்தா என்று ஒருவன் கேட்டான். “இல்லை. வங்கிக் கணக்கு இருக்கிறது, அறைப் பதிவேடு இருக்கிறது. அதைப் பார்க்க முன்னோர் எதற்கு? நான்கூடப் பார்ப்பேன்” என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டோம். பிறகு தரையில் படுத்த பிள்ளைகளை மட்டும் இருக்கச் சொல்லி, எங்களை அனுப்பிவிட்டாள். உள்ளே என்ன செய்தாள் என்று தெரியாது. வெகுநேரம் அழுகை கேட்டது.

எனக்குத் தூக்கம் வரவில்லை, அம்மா. சங்கிலி காணாமல் போனபோது தாத்தா உடுக்கையடித்து ஒரு பெயர் சொன்னாராமே, பாத்திரம் தேய்க்க வந்த அக்காவின் பெயர். அவர்கள் ஊரைவிட்டே போன பிறகு சங்கிலி வைக்கோல்போரில் கிடைத்தது என்று நீதான் ஒருமுறை சொன்னாய், அப்பா இல்லாத நேரம் பார்த்து. கோடங்கி மகன் என்ற வெட்கத்தால்தான் அப்பா உடுக்கையைப் பரணில் போட்டார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இந்த வாரம் எழுதித் தர உட்கார்ந்தால் அந்த அக்காவைத் தவிர வேறெதுவும் வரவில்லை. தாத்தாவிடம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து விபூதி வாங்கிப்போனவர்களையும் எழுதினேன். அதுவும் நிஜம்தானே.

உடுக்கை இன்னும் பரணில்தான் இருக்கிறதா? எலி தோலைக் கடித்திருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதே. அப்புறம், அந்த அக்கா எந்த ஊருக்குப் போனார்கள், இப்போது இருக்கிறார்களா என்று பெரியத்தையிடம் விசாரித்து வை. பெரியத்தை முதலில் தெரியாது என்பார்கள். இன்னொரு தடவை கேள்.

அன்புடன்,
உன் மகள்