விடையைச் சொல்லாமல் இருப்பது

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள் என்று வாசித்துச் சந்தோசப்பட்டேன். இங்கே எல்லாரும் சுகம். மாரி ஓய்ந்து வயலெல்லாம் கதிர் தள்ளி நிற்கிறது. மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு வாவிக்கு இந்தப் பக்கம் படுவான்கரைக்கு வர, பாதை என்கிற மிதவைப் படகுக்குக் காத்து நிற்கவும் வேண்டியதில்லை. ஒருமுறை வா.

ஓய்வுபெற்ற பிறகும் என்ன படிப்பிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். பின்னேரத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் வருவார்கள். கணக்கைக் கொடுத்ததும் கொப்பியைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்ப்பார்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கென்று சின்ன வயதிலிருந்தே ரியூசனில் செய்துகாட்டியதைப் பார்த்தெழுதிப் பழகிய பிள்ளைகள், பாவம்.

போன கிழமை ஒருத்தி 1/2ஐயும் 1/3ஐயும் கூட்டி 2/5 என்று எழுதினாள். நான் சரி பிழை சொல்லவில்லை. "இது அரைவாசியை விடக் கூடவா, குறையவா?" என்று மட்டும் கேட்டேன். பத்துக் கட்டம் கீறினாள். அரைவாசிக்கு ஐந்து கட்டம், ஐந்தில் இரண்டுக்கு நாலு கட்டம். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சேர், கூட்டினா எப்படிக் குறையும்?" என்றாள். அந்தக் கேள்வி அவளுடையது. ஆறு கட்டம் கீறிச் சரியான விடைக்கு வந்ததும் அவளேதான்.

இப்படிப் பிள்ளைகள் தாங்களாகவே படிக்கவென்று கொலம்பியாவில் 1970களின் நடுப்பகுதியில் 'எஸ்குவேலா நுவேவா' என்றொரு முறை தொடங்கினார்கள். ஓரிரு ஆசிரியர்களே உள்ள, பல வகுப்புகள் ஒரே அறையில் இருக்கும் கிராமப் பள்ளிக்கூடங்களுக்கானது. பிள்ளைகள் சிறு குழுக்களாக இருந்து, வழிகாட்டிக் கையேட்டைப் பார்த்து, தங்கள் வேகத்தில் படிப்பார்கள். ஆசிரியர் குழு குழுவாகப் போய்க் கவனிப்பார். நம் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடங்களுக்கு இது நன்றாகப் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் ஆசிரியருக்கு வேலை குறையும் என்று யாரும் எண்ணக் கூடாது. நல்ல கையேடு எழுதுவதும், எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று அறிவதும் லேசில்லை. இன்னொன்று, வாசிக்கத் தெரியாத பிள்ளையைத் தானாகப் படி என்று விடுவது அநியாயம். வாசிப்பை மட்டும் நான் பக்கத்தில் இருந்தே சொல்லிக்கொடுக்கிறேன்.

உன் மகள் ஆரம்பப் பிரிவில்தானே படிப்பிக்கிறாள்? பின்னத்துக்கு அவள் செய்த பயிற்சித் தாள்கள் இருந்தால் அனுப்பச் சொல். விடைகள் வேண்டாம்.

அன்புடன்,
உன் மச்சான்
கொக்கட்டிச்சோலை