பெயர் சொல்லாமல் சென்ற பெரியவருக்கு நன்றி

காரிமங்கலத்தில் எங்கள் வீட்டு வாசலில் லாரியின் தேய்ந்துபோன டை ராடு எண்டுகளை (முன்சக்கரங்களை இணைத்துத் திருப்பும் கம்பியின் முனை மூட்டுகளை) நானும் தம்பியும் மாற்றிக்கொண்டிருந்தபோது, தாமாகவே வந்து உதவி, பெயரைக்கூடச் சொல்லாமல் சென்ற பெரியவருக்கு மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

நட்டைக் கழற்றிய பின்னும் அந்த மூட்டின் கூம்பு வடிவத் தண்டு, சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் ஆர்மில் இறுகிப் பிடித்திருந்தது. தண்டின் நுனியில் அடித்தால் அது மலர்ந்து துளைக்குள் மேலும் சிக்கும் என்று எங்களைத் தடுத்து, ஆர்மின் ஒரு பக்கத்தில் கனத்த சுத்தியலை முட்டுக்கொடுத்து, எதிர்ப்பக்கத்தில் மற்றொரு சுத்தியலால் அவர் அடித்ததும் தண்டு விடுபட்டது. டை ராடின் ஒரு முனை வலது மரை, மறுமுனை எதிர்த்திசையில் திருகும் இடது மரை என்பதையும், பழையது எத்தனை சுற்றில் கழன்றதோ அத்தனை சுற்றே புதியதை ஏற்ற வேண்டும் என்பதையும் பொறுமையாக விளக்கினார். நட்டு கழலாமல் இருக்கச் செருகும் ஸ்பிளிட் பின்னுக்கான துளை நேராக அமையாதபோது நட்டைத் தளர்த்தக் கூடாது, சற்று முடுக்கியே துளையைச் சேர்க்க வேண்டும் என்று அவர் சொன்னதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். அந்த நட்டு கழன்றுவிட்டால் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஸ்டியரிங் கையில் இருந்தும் பயனில்லை.

முன்சக்கரங்களின் இடைவெளியை முன்புறமும் பின்புறமும் டேப்பால் அளந்து சரிசெய்து தந்தாலும், சரக்கு ஏற்றும் முன் சக்கர அலைன்மெண்ட் பார்த்தே ஆக வேண்டும் என்று கண்டிப்புடன் கூறினார். அவ்வாறே கிருஷ்ணகிரியில் பார்த்துவிட்டோம்.

கூலி வாங்க மறுத்துவிட்டார். டீ மட்டும் குடித்தார், அதுவும் சர்க்கரை இல்லாமல். ஐயா, தாங்கள் மறந்துவிட்டுச் சென்ற குறடு எங்களிடம் பத்திரமாக உள்ளது. இவ்வழியே வரும்போது பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.