கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைகளில் உள்ள வனக் காப்பகங்களில் நடைப்பயணம் போவது பற்றிச் சுற்றுலாப் பக்கங்களில் வரும் கட்டுரைகளில், காரை எங்கே நிறுத்துவது என்ற குறிப்பு தவறாமல் இருக்கிறது. நடந்து முடித்து இறங்கும் இடத்திலிருந்து கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதைத்தான் காணோம். பேருந்தை நம்பிப் போகிறவர்களுக்கு உயிர்நாடியான தகவல் அது. எந்த வழி, எத்தனை மணிக்குக் கிளம்புவது, எவ்வளவு சுமப்பது எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். இனி வரும் கட்டுரைகளோடு பேருந்து விவரத்தையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கார் இல்லாமல் போவதை வசதிக்குறைவு என்றே பலர் நினைக்கிறார்கள். மலையில் காலைக் கட்டிப்போடுவது கார்தான். எவ்வளவு தூரம் நடந்தாலும் அதை நிறுத்திய இடத்துக்கே திரும்பியாக வேண்டும். பேருந்தில் போனால் ஒரு பள்ளத்தாக்கில் ஏறி இன்னொன்றில் இறங்கலாம். 1914-இல் தொடங்கப்பட்ட சுவிட்சர்லாந்து தேசியப் பூங்காவைப் பாருங்கள். செர்னெட்ஸ் வரை ரயில். அங்கிருந்து ஓஃபன் கணவாய்ச் சாலையில் ஓடும் அஞ்சல் பேருந்து (பெயர்தான் அப்படி, பொதுப் பேருந்துதான்) பூங்காவின் ஊடாகவே போகிறது. ஒரு நிறுத்தத்தில் இறங்கி, போட்ஷ் பள்ளத்தாக்கு வழியாக மார்குனெட் மேட்டில் ஏறி, 1991-இல் தாடிக் கழுகுகளைத் திரும்பக் கொண்டுவந்து விட்ட ஸ்டபெல்கோட் பள்ளத்தாக்கில் இறங்கினால், அதே சாலையின் வேறொரு நிறுத்தத்துக்கு வந்து சேரலாம். காரில் வந்தவர் அங்கிருந்து தன் வண்டி நிற்கும் இடம்வரை மறுபடி நடக்க வேண்டும்.

காட்டுக்கும் இதுவே நல்லது. நிறுத்த இடமில்லாத கார்கள் சாலையோரச் செடிகொடிகளின் மேல் ஏறி நிற்கும். குறுகிய மலைச்சாலை அடைத்துக்கொண்டால் ஆம்புலன்ஸும் போக முடியாது. அமெரிக்காவின் ஸயன் தேசியப் பூங்காவில் 2000-ஆம் ஆண்டில் ஷட்டில் பேருந்து வந்தது. அது ஓடும் மாதங்களில் பள்ளத்தாக்குச் சாலையில் பார்வையாளர்களின் கார்களைப் பொதுவாக விடுவதில்லை.

இனி நேரக் கணக்கு. ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது. இன்றைய அளவில் சொன்னால், சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். ஏற்றத்தில் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். செங்குத்தான இறக்கமாக இருந்தால் 300 மீட்டருக்குப் பத்து நிமிடம் சேர்க்க வேண்டும் என்பது பின்னால் வந்த திருத்தம். 12 கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏற்றம், 900 மீட்டர் செங்குத்து இறக்கம் உள்ள வழிக்கு 2 மணி 24 நிமிடம், ஒன்றரை மணி, அரை மணி என்று மொத்தம் 4 மணி 24 நிமிடம் வரும். இது பழகிய கால்களுக்கு, நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம். புதியவர்கள் இருக்கும் குழுவுக்கு இதை ஒன்றரை மடங்காக்கி, இளைப்பாற முக்கால் மணி சேர்த்தால் சுமார் 7 மணி 20 நிமிடம் ஆகிறது.

கடைசி வண்டிக்கு முந்தைய வண்டியையே குறிவைக்க வேண்டும். கடைசி வண்டி ஆபத்துக்கு உதவ மட்டும். அந்த முந்தைய வண்டி மாலை 4.30-க்கு என்றால் 4 மணிக்கே நிறுத்தத்தில் இருக்க வேண்டும். அப்படியானால் காலை 8.40-க்கு நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும். காலையின் முதல் பேருந்தே அங்கே 9.20-க்குத்தான் வருகிறது என்றால் அந்த வழி அந்தக் குழுவுக்கு ஒத்துவராது. வேகமாக நடந்து ஈடுகட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள்தான் கடைசியில் வளைவுப் பாதையை விட்டுச் சரிவில் குறுக்கே இறங்குகிறார்கள். கணுக்கால் பிசகுவது அங்கேதான். அந்தத் தடத்தில் அடுத்த மழைக்கு மண்ணும் அரித்துக்கொண்டு போகும். அதற்குப் பதில், பேருந்திலேயே இன்னும் 300 மீட்டர் மேலே உள்ள அடுத்த நிறுத்தம் வரை போய் இறங்கினால், அதே தூரத்துக்கு முக்கால் மணி நேரம் (ஏற்றத்தில் குறையும் அரை மணியின் ஒன்றரை மடங்கு) மிச்சமாகும். 4 மணி வாக்கில் வந்துவிடலாம். மேல் நிறுத்தத்தில் தொடங்கிக் கீழ் நிறுத்தத்தில் முடிப்பது பேருந்தில் போகிறவர்களுக்கு மட்டும் கிடைக்கும் சலுகை.

கால அட்டவணையை எல்லாரும் பார்க்கத்தான் செய்கிறார்கள்; அடிக்குறிப்புகளைப் படிப்பவர்கள் குறைவு. பள்ளி நாட்களில் மட்டும், விடுமுறை நாட்களில் இல்லை, இந்த மாதம் முதல் அந்த மாதம் வரை மட்டும் என்பதெல்லாம் ஒரு நட்சத்திரக் குறிக்குள் ஒளிந்திருக்கும். மலையில் ஏறும் பக்கமும் இறங்கும் பக்கமும் வேறு வேறு பேருந்துத் தடங்களாக இருந்தால் இரண்டு அட்டவணைகளும் வேண்டும். பாதி வழியில் மழை வந்து திரும்பினால், கிளம்பிய நிறுத்தத்தின் கடைசி வண்டிதானே நமக்குக் கடைசி வண்டி! மலைக்கிராமங்களில் ஒரே பெயரில் மேல் நிறுத்தம், கீழ் நிறுத்தம் என்று இரண்டு இருப்பதும் உண்டு. இறங்கும்போது ஓட்டுநரிடம் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: திரும்பும் வண்டி சாலையின் எந்தப் பக்கம் நிற்கும், கை காட்டினால்தான் நிற்குமா? பிறகு நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லாதபோது செயலி கைவிட்டுவிடும்; போட்டோ இருக்கும். பத்துப் பேருக்கு மேல் போனால் முன்கூட்டியே நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். சிறிய மலைப்பேருந்து நிரம்பிவிட்டால் நிற்காமலே போய்விடலாம்.

காருக்கு இருக்கும் ஒரே வசதி டிக்கி. மாற்றுத்துணியை அதில் விட்டுப்போக முடியும். பேருந்தில் வருபவர் முதுகில்தான் சுமக்க வேண்டும். அதற்காக அதை விட்டுவிடக் கூடாது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். வியர்வையில் நனைந்த பனியனோடு காற்றடிக்கும் நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்றால் உடம்பு நடுங்கத் தொடங்கிவிடும். உலர்ந்த பனியன் ஒன்று, காற்று புகாத மேல்சட்டை ஒன்று, இரண்டையும் பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பையின் அடியில் வைத்தால் போதும். தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் என்று கணக்கு வையுங்கள். வெயிலில் இன்னும் கூடும். செல்போன்தான் டிக்கெட், வரைபடம், உதவிக்கு அழைக்கும் வழி எல்லாம். சிக்னலைத் தேடித் தேடியே அதன் சார்ஜ் தீர்ந்துவிடும் என்பதால் நடக்கும்போது ஃபிளைட் மோடில் போடுங்கள். வெளிச்சத்துக்கு அதை நம்பாமல் தனியாக ஒரு தலைவிளக்கு வேண்டும். வண்டி ஏறும் முன் செருப்பு, ஷூவின் அடிப்பகுதியைத் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். ஒரு காட்டின் களைவிதை இன்னொரு காட்டுக்குப் போவது அந்தச் சேற்றில்தான்.

எவ்வளவு கணக்கிட்டாலும் ஒரு நாள் வண்டி தவறும். அப்போது இருட்டில் காப்பகச் சாலையில் நடக்கக் கூடாது. விலங்குகள் நடமாடும் நேரம் அது. வளைவில் வரும் வாகனத்துக்கும் ஆள் தெரியாது. நிறுத்தத்திலேயே இருந்து, காப்பக அலுவலகத்தையோ அருகிலுள்ள விடுதியையோ அழைக்க வேண்டும். புறப்படும் முன்பே வீட்டில் ஒருவரிடம் நடை முடியும் நிறுத்தத்தின் பெயர், ஏறப்போகும் வண்டியின் நேரம், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரை அழைப்பது என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். மேலே பாதையிலேயே அடிபட்டு, செல்போனும் எடுக்காவிட்டால், விசிலோ விளக்கோ கொண்டு ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை சைகை, ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு முறை. ஆல்ப்ஸ் மலைப்பகுதியிலிருந்து வந்த இந்த ஆபத்துச் சைகைக்குப் பதில் சைகை நிமிடத்துக்கு மூன்று முறை.

ஆகவே பெட்டிச் செய்தியில் இவை இருக்கட்டும்: நடை தொடங்கும் நிறுத்தமும் அங்கே முதல் வண்டி வரும் நேரமும், நடை முடியும் நிறுத்தமும் அங்கிருந்து கடைசி இரண்டு வண்டிகளின் நேரமும், வண்டி ஓடாத நாட்கள், காப்பகத்தின் நுழைவு அனுமதியும் மூடும் நேரமும், அலுவலகத் தொலைபேசி எண். அட்டவணையை எந்தத் தேதியில் சரிபார்த்தீர்கள் என்பதையும் கீழே அச்சிடுங்கள். பருவம் மாறும்போது நேரமும் மாறும். பழைய கட்டுரையை வெட்டி வைத்திருப்பவர்கள் அந்தத் தேதியைப் பார்த்துத்தான் எச்சரிக்கை அடைவார்கள்.

இப்படிக்கு,
மலைநடையில் ஆர்வமுள்ள வாசகர்