மருந்து செலுத்தி இதயத்தைச் சோதிக்கும் முன் அபாயத்தையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூட்டுவலி, பக்கவாதம் போன்ற காரணங்களால் டிரெட்மில்லில் நடக்க இயலாதவர்களுக்கு, இரத்தக்குழாய் வழியே மருந்து செலுத்தி இதயத்தைச் சோதிக்கும் முறை பரிந்துரைக்கப்படும்போது, ‘நடப்பதற்குப் பதில் ஓர் ஊசி’ என்ற அளவிலேயே பல வேளைகளில் விளக்கம் முடிந்துவிடுகிறது. இரண்டும் ஒன்றல்ல. நடப்பவர் நெஞ்சு அடைத்தால் உடனே நின்றுகொள்ளலாம். மருந்து ஏறிக்கொண்டிருப்பவர் வாய் திறந்து சொல்ல வேண்டும், அதைக் கேட்டு அருகிலிருப்பவர் நிறுத்த வேண்டும், நிறுத்திய பிறகும் மருந்தின் வேலை சிறிது நேரம் தொடரும்.

2006இல் வெளியான பன்னாட்டுப் பதிவேடு ஒன்று, எக்கோ கருவியின் துணையோடு நடந்த 85,997 சோதனைகளை ஆராய்ந்தது. உயிருக்கு ஆபத்தான சிக்கல் உடற்பயிற்சிச் சோதனைகளில் 6,574க்கு ஒன்று என்றும், டைபிரிடமோல் மருந்தில் 1,294க்கு ஒன்று என்றும், டோபுடமினில் 557க்கு ஒன்று என்றும் அதில் பதிவாகியுள்ளது. நேர்ந்த ஆறு இறப்புகளில் ஐந்து டோபுடமினைச் சார்ந்தவை. நடக்க முடியாதவர்கள் பொதுவாக நோய் மிகுந்தவர்கள் என்பதால் இந்த வேறுபாடு முழுவதையும் மருந்தின் மீதே சுமத்துவது நியாயமாகாது. ஆனால் அத்தகையவர்களுக்குத்தான் இச்சோதனை செய்யப்படுகிறது என்பதால் கவனமும் அவர்களிடமே கூடுதலாக வேண்டும்.

டோபுடமின் இதயத்தை விரைவாகவும் வலுவாகவும் துடிக்க வைக்கிறது. படிப்படியாக நிமிடத்துக்குக் கிலோவுக்கு 40 மைக்ரோகிராம் வரை உயர்த்துவார்கள். துடிப்பு போதிய அளவு ஏறாவிட்டால் அட்ரோபினும் சேர்ப்பார்கள். இதனால் சிலருக்குத் துடிப்பின் ஒழுங்கு கெடுகிறது, சிலருக்கு இரத்த அழுத்தம் சட்டென்று சரிகிறது, மிகச் சிலருக்கு மாரடைப்பே நேர்கிறது. இதயத் தமனிகளில் அடைப்பே இல்லாதவர்களுக்கும், இடது கீழறையின் முனை வீங்கிச் செயலிழக்கும் டகோட்சுபோ என்னும் நிலை ஏற்பட்டதுண்டு.

இதே சோதனைக்குப் பயன்படும் வேறு இரு மருந்துகளான அடினோசினும் ரெகாடினோசானும் வேலை செய்யும் விதமே வேறு. அவை இதயத் தமனிகளை விரியச் செய்கின்றன. நல்ல தமனிகள் தாராளமாக விரிந்து இரத்தத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ள, ஏற்கெனவே இயன்றவரை விரிந்துவிட்ட குறுகிய தமனியைச் சார்ந்த தசைக்கு இரத்தம் குறைந்துபோகலாம். இதய மின்தூண்டல் தடைபடுவதும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாய் இறுகுவதும் இவற்றின் மற்ற அபாயங்கள். இவ்விரு மருந்துகளாலும் மாரடைப்பும் மரணமும் அரிதாக நேரலாம் என்றும், ஓய்விலும்கூட வரக்கூடிய ‘நிலையற்ற நெஞ்சுவலி’யின் அறிகுறி உள்ளவர்களுக்கு இவற்றைத் தவிர்க்க வேண்டும் என்றும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013 நவம்பரில் எச்சரித்தது.

ஆகவே, அண்மை நாட்களில் ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சுவலி வந்ததா என்ற கேள்வியை மருந்து ஏற்றும் முன் கேட்டே ஆக வேண்டும். முந்தைய வாரங்களில் எழுதிய குறிப்பைப் பார்த்து இதைத் தாண்டிச் செல்வது தவறு, ஏனெனில் நெஞ்சுவலி ஒரே இரவில் நிலை மாறக்கூடியது. ஆம் என்று பதில் வந்தால் சோதனையை நிறுத்திவைத்து, மருத்துவர் நோயாளியை நேரில் மறுபடி பார்க்க வேண்டும்.

மருந்து ஏறும் நேரம் முழுவதும் ஈசிஜி ஓடிக்கொண்டிருப்பதும், மின்னதிர்ச்சிக் கருவியைக் கையாளத் தெரிந்தவர் அறையில் இருப்பதும் அடிப்படைத் தேவைகள். டோபுடமினின் விளைவைத் தணிக்கும் பீட்டா தடுப்பு மருந்தும், மற்ற இரண்டின் விளைவை முறிக்கும் அமினோபிலினும் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும்.

இந்தச் சோதனையை யாரும் மறுக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. நடக்க முடியாத ஒருவருக்கு அடைப்பின் தீவிரத்தை அறிய இது மிகவும் பயனுள்ளது. பெரும்பாலோருக்கு எந்தத் தீங்குமின்றி முடிகிறது. ஒப்புதல் படிவத்தில் மாரடைப்பு, மரணம் என்ற சொற்கள் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும், கையெழுத்து வாங்குபவர் அவற்றை வாய்விட்டுச் சொல்லி, வீடு திரும்பிய பின் நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் எங்கே விரைவது என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதுமே என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்